82 என்ற எண்ணுக்காக என் மகன் பள்ளி மாற வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு எட்டரை வயது. தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் பேசுவது தமிழ் மட்டுமே. அம்மா பாடத்தை வாசித்துக் காட்டினால் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறான். தானே வாசிக்கச் சொன்னால் முதல் வரியைத் தாண்டுவதில்லை. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பி-யையும் டி-யையும் இன்னமும் மாற்றிப் போடுகிறான். மளிகைக் கடைக்குப் போய் நான்கைந்து சாமான் வாங்கி, மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொண்டுவருகிறான். தேர்வில் தாளை வெறுமையாக வைத்துவிட்டு வருகிறான்.

பள்ளி சொன்னதால் ஒரு மையத்தில் ஐ.க்யூ. சோதனை செய்திருக்கிறார்கள். மதிய நேரம், நாற்பது நிமிடம், கேள்விகள் ஆங்கிலத்தில், பக்கத்திலேயே அக்கா. கையில் கிடைத்தது ஒற்றைத் தாள்: "பினே-காமத் சோதனை, ஐ.க்யூ. 82, எல்லைக்கோட்டு நிலை." இதைப் பார்த்த பள்ளி, இந்த ஆண்டோடு டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறது. நூற்றுக்கு 82 என்று நினைத்து முதலில் மகிழ்ந்த கணவர், விவரம் தெரிந்ததும் இடிந்துபோய்விட்டார். மாமியார் மூளைக்கு லேகியம் கொடுக்கச் சொல்கிறார். அக்கா இணையத்தில் ஏதோ ஒரு சோதனை செய்து 118 வாங்கியதிலிருந்து தம்பியை "எண்பத்திரண்டு" என்றே கூப்பிடுகிறாள்.

அவன் பத்தாம் வகுப்பு தேறுவானா, வேறு இடத்தில் மறுபடி சோதித்து அதிக எண் வாங்கலாமா, சிறப்புப் பள்ளிதான் வழியா, சலுகைச் சான்றிதழ் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகவே விரும்பி டி.சி. கேட்பதுபோல் ஒரு கடிதத்தைப் பள்ளி நீட்டினால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். "யோசித்து எழுத்தில் பதில் தருகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் அந்த எண்ணைவிடக் கனமான வரி ஒன்று இருக்கிறது. நீங்கள் வாசித்தால் அவனுக்குப் புரிகிறது, தானே வாசிக்க முடியவில்லை என்கிறீர்கள். காது வழியாகப் போவது மனதில் நிற்கிறது. கண் வழியாக வர வேண்டியது எழுத்திலேயே தட்டி நின்றுவிடுகிறது. டிஸ்லெக்சியா என்று சொல்லப்படும் வாசிப்புக் கற்றல் குறைபாட்டுக்கு இது முக்கியமான அறிகுறி. கடிதத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட மாட்டேன். ஆனால் அவன் வாசிப்பை இதுவரை ஒருவரும் சோதிக்கவில்லை என்பது உறுதி. பள்ளி கேட்டது ஒரு எண். மையம் அந்த எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டது.

82 எதைச் சொல்கிறது

உங்கள் கணவர் நினைத்ததுபோல் இது நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கல்ல. ஒரே வயதுக் குழந்தைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலோ கீழோ ஒரு குழந்தை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று காட்டும் எண் இது. இன்றைய சோதனைகளில் 15 புள்ளியை ஒரு படியாக வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். 70-க்குக் கீழே நூற்றுக்கு இரண்டு பேர். 70-க்கும் 85-க்கும் இடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில் சராசரியாக ஐந்தாறு குழந்தைகள் இந்த இடத்தில் இருப்பார்கள். அளவுகோலைச் செய்த விதமே அப்படி. அவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, மிச்சப் பேருக்குப் புதிதாகச் சராசரி போட்டால், அங்கேயும் சிலர் கீழ்ப்படியில் வந்து நிற்பார்கள். ஆக, எல்லைக்கோட்டு நிலை என்பது நோயின் பெயர் கிடையாது. வரிசையில் ஓர் இடத்தின் பெயர்.

அந்த இடமும் ஆணி அடித்ததுபோல் நிலையானதல்ல. நல்ல சோதனையை நன்றாகச் செய்தாலும் இரு பக்கமும் ஐந்து புள்ளி வரை விலகல் இருக்கலாம். 82 என்றால் 77-லிருந்து 87 வரை எங்கோ என்று படிக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் ஒரு காலத்தில், ஐ.க்யூ. 70-க்கு ஒரு புள்ளி கூடினாலும் மரண தண்டனைக் கைதிக்கு அறிவுசார் குறைபாடு உண்டா என்று மேற்கொண்டு பார்க்கவே மறுத்தது. ஒரு கைதியின் எண் 71. சோதனைக்கே உரிய பிழை வரம்பைக் கணக்கில் எடுக்காமல் இப்படிக் கோடு கிழிக்கக் கூடாது என்று 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிர் போகும் வழக்கில் செல்லாத ஒற்றைக் கோடு, ஒரு குழந்தையைப் பள்ளியை விட்டு அனுப்பவும் செல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த எண் பிறந்த கணக்கு

பினே-காமத் சோதனையில் ஒவ்வொரு வயதுக்கும் ஆறு கேள்விகள். பத்து வயது வரை ஒரு கேள்வி சரியென்றால் இரண்டு மாதம் சேரும். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது மன வயது. அதை உண்மையான வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஐ.க்யூ. உங்கள் ஒற்றைத் தாளில் விவரம் இல்லை என்பதால், எப்படி வந்திருக்கலாம் என்று ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வயது 8 ஆண்டு 6 மாதம், அதாவது 102 மாதம். ஆறு வயதுக் கேள்விகள் ஆறும் சரி; அதனால் ஆறு ஆண்டு முழுதும், அதாவது 72 மாதம், கைக்கு வந்தாயிற்று. ஏழு வயதுக் கேள்விகளில் நான்கு சரி, 8 மாதம். எட்டு வயதில் இரண்டு சரி, 4 மாதம். ஒன்பதில் ஒன்றும் இல்லை. கூட்டினால் 84. அதை 102-ஆல் வகுத்துப் பெருக்கினால் 82.

இன்னும் இரண்டே கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் 88 மாதம், ஐ.க்யூ. 86. "எல்லைக்கோட்டு நிலை" என்ற சொல்லே தாளில் வந்திருக்காது. வீட்டில் ஆங்கிலம் புழங்காத குழந்தை, பசி நேரத்தில், எந்தப் பதிலுக்கும் தன்னைக் கேலி செய்யக்கூடிய அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்வியை விடுவதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. இரண்டு பொருள்களுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டால், தமிழில் கடகடவென்று சொல்லக்கூடியவன் ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் வாயை மூடிக்கொள்வான். தாளில் அது தவறு என்றே பதிவாகும்.

பிறந்த தேதியையும் பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காகச் சில மாதம் கூட்டிப் போட்டிருந்தால், கணக்கில் வகுக்கும் எண் பெரிதாகி ஐ.க்யூ. விழும். மேலே போட்ட கணக்கிலேயே உண்மையான வயது சரியாக எட்டு என்றால், 84-ஐ 96-ஆல் வகுக்க வேண்டும், 87.5 வரும்.

அதற்காக, பிழைகள் எல்லாமே குழந்தைக்கு எதிராகத்தான் போகும் என்று எண்ண வேண்டாம். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி உயர்ந்துகொண்டே வந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1980-களில் எடுத்துக்காட்டினார். அதனால் பழைய அளவுகோலால் அளந்தால் எண் கூடுதலாக வரும். காமத் தம் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக 1930-களில் அமைத்தார். நம் மையங்களில் பரவலாக இருக்கும் இன்னொன்றான மாலின் சோதனை 1969-ஐச் சேர்ந்தது. ஒரு பக்கம் மொழி கீழே இழுக்க, மறுபக்கம் பழைய அளவுகோல் மேலே தள்ள, நடுவில் வந்து நின்ற எண் உங்கள் கையில் இருக்கும் 82. இதன்மேல் ஒரு குழந்தையின் எதிர்காலத்தை ஏற்றிவைத்தால் தாங்காது.

இந்தச் சோதனையின் மூலவரான ஆல்ஃபிரட் பினேவும் அதற்காக இதைச் செய்யவில்லை. பாரிஸ் பள்ளிகளில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறியும் வேலை அவருக்குக் கிடைத்தது. 1905-ல் தியோடர் சிமோனுடன் சேர்ந்து முதல் கேள்வித் தொகுப்பை வெளியிட்டார். ஒரு குழந்தையின் அறிவு வளரவே முடியாத அளவு என்று சொல்பவர்களை அவர் கடுமையாக எதிர்த்தார். கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளை வகுத்தார். உதவி தேவைப்படுபவரை உள்ளே வைத்துக்கொள்ள வந்த கருவியைக் காட்டி உங்கள் மகனை வெளியே போகச் சொல்வது, தலைகீழான பயன்பாடு.

ஐ.க்யூ. பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பள்ளி மதிப்பெண்ணோடு அதற்கு 0.5 அளவில் தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) இருப்பது திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. பெரிய கூட்டத்தை எடுத்துக்கொண்டால் மதிப்பெண் வேறுபாட்டில் கால் பங்கை அது விளக்கும். மீதி முக்கால் பங்கு கற்பிக்கும் முறை, மொழி, தூக்கம், வீட்டுச் சூழல், விடாமுயற்சி, வாசிப்புத் திறன் என்று பலவற்றில் கிடக்கிறது. உங்கள் மகன் கடையில் சில்லறை எண்ணி வாங்குவதும் ஒரு சான்றுதான். அன்றாட வாழ்க்கைத் திறனை அளப்பதற்கென்றே வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் இருக்கிறது. அதையும் பார்க்காமல் அறிவுசார் குறைபாடு என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் தாளில் அது இல்லை.

சான்றிதழ்: இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம்

இந்த எண்ணை எளிதாக விட்டுவிட முடியாததற்கும் காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இரண்டையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டு நெறிகளின்படி, ஐ.க்யூ. 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போக முடிந்தது. மறுபக்கம், சமூக முதிர்ச்சி அளவுகோலில் 70 முதல் 84 வரை வந்தால் ஊனம் 25 சதவீதம் என்றே கணக்கிட்டார்கள். பல உதவிகளுக்கு 40 சதவீதம் வேண்டும்.

அந்த நெறிகளில் 82 வாங்கிய குழந்தை இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விழுந்தது. வாசிக்க முடியாத குழந்தைக்குச் சொல்வளமும் பொது அறிவும் தாமதமாகவே சேரும். அதனால் மொழி சார்ந்த கேள்விகளில் எண் குறையும். எண் குறைந்ததால் வாசிப்பைச் சோதிக்காமல் விட்டார்கள். உதவி அதிகம் தேவைப்படுபவரை வாசலிலேயே நிறுத்தும் விதி இது. இப்படி ஒரு விதி இருக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2024-ல் இந்த நெறிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்துவிட்டதால், நடப்பு விதி என்ன என்று சான்றளிக்கும் அரசு மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுசோதனை: எப்போது, எப்படி

மறுசோதனை வேண்டும். ஆனால் எண் கூடும்வரை மையம் மையமாக ஏறி இறங்குவதாக அது ஆகிவிடக் கூடாது. அதே சோதனையை ஓராண்டுக்குள் திரும்பச் செய்தால் பழகிப்போன கேள்விகளால் எண் ஏறும். அந்த ஏற்றத்துக்கு மதிப்பில்லை. கேள்விகளை இணையத்தில் தேடிப் பயிற்சி கொடுத்தால், அவனுக்கு எந்த இடத்தில் உதவி தேவை என்பதே மறைந்துபோகும். வேறு சோதனை கேளுங்கள்: மாலின் அல்லது வெக்ஸ்லர் வகை. இவை பல பகுதிகளாகப் பிரிந்தவை.

அதற்கு முன் கண் பரிசோதனையும் ஆடியோகிராம் எனும் செவித்திறன் சோதனையும் முடித்துவிடுங்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவே கவனத்தைச் சிதறடிக்கும். இரவில் வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.-யில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் தொடக்க நிலை இடையீட்டு மையத்திலிருந்து தொடங்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

காலை நேரமாக வாங்குங்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கண்ணாடி போட்டிருந்தால் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல் வந்த வாரம் என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். தமிழில் கேட்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் இருக்கட்டும். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். களைத்துப் போனால் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்யலாம்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். சோதனையின் பெயர், கேட்ட மொழி, ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண், பிழை வரம்பு, சோதனையின்போது குழந்தை நடந்துகொண்ட விதம், சமூக முதிர்ச்சி அளவு, பள்ளிக்கும் வீட்டுக்குமான பரிந்துரை, பதிவு எண்ணோடு கையொப்பம். ஒற்றை எண் மட்டும் இருக்கும் தாளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

பகுதி மதிப்பெண்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? மாலின் சோதனையில் மொழிப் பகுதி ஒன்று, செய்கைப் பகுதி ஒன்று. மொழியில் 70, செய்கையில் 98 வாங்கிய குழந்தையின் சராசரி 84. மொழியில் 83, செய்கையில் 85 வாங்கிய குழந்தைக்கும் அதே 84. முதல் குழந்தைக்கு மொழியில் உதவி வேண்டும். கட்டைகளை அடுக்கி வடிவம் அமைப்பதில் அவன் வயதுக்கேற்ப இருக்கிறான். இரண்டாவது குழந்தைக்கு எல்லாப் பாடத்திலும் சின்னச் சின்னப் படிகளாகக் கற்றுத்தர வேண்டும். ஒரே எண், இரண்டு வேறு குழந்தைகள். குறியீடுகளைப் பார்த்து வேகமாக எழுதும் பகுதியில் மட்டும் எண் விழுந்திருந்தால் கை மெதுவாக எழுதுகிறது என்று பொருள் இருக்கலாம். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதில் விழுந்திருந்தால் கவனமோ காதோ காரணமாக இருக்கலாம்.

எண் 85-ஐத் தாண்டினால், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பைச் செய்யச் சொல்லுங்கள். 2018 நெறிகளின்படி எட்டு வயது நிரம்பியவர்களுக்கே இந்தச் சான்றிதழ். 14 வயதிலும் 18 வயதிலும் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் உங்கள் மகன் வயதால் தகுதி பெற்றுவிட்டான். எண் மறுபடி 80-ஐ ஒட்டி வந்தாலும் வாசிப்புச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சான்றிதழ் வராமல் போகலாம். எதைக் கற்றுத்தர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

காத்திருக்கும் நாளில் வீட்டில் பார்க்க

இதற்கு எந்த மையமும் வேண்டாம். முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, அவன் மனப்பாடம் செய்திராத பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தை அப்படியே ஒரு நோட்டில் குறியுங்கள். ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும் பெரியவர்களுக்கே உண்டு. அவற்றுக்காகக் கவலை வேண்டாம். க, ட, ம எல்லாம் தனியாகத் தெரிந்தும், கெ, கே, கொ என்று கொம்பும் காலும் சேர்ந்ததும் நின்றுவிடுகிறானா? "மரம்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படத்தை வைத்து "செடி" என்கிறானா? இவை கவனிக்க வேண்டியவை.

அடுத்தது, காதால் மட்டும். "'கடல்' என்பதில் 'க'வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?" "டல்" என்று சொல்ல வேண்டும். "'பால்' முதலில் எந்த ஒலி? கடைசியில் எந்த ஒலி?" இதில் தடுமாறினால், எழுத்தை ஒலியோடு கோக்கும் திறனில்தான் முடிச்சு. பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்: "பிசம்", "தோருகு". மனப்பாடத்தால் ஒப்பேற்ற முடியாத சோதனை இது.

தினமும் இருபது நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரு குறியை மட்டும் எடுங்கள். தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லி, எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். கா, மா, பா என்று ஐந்தாறு எழுத்து. பிறகு அதே எழுத்துகளால் ஆன மூன்று சொல். நேற்றையதைச் சரியாக வாசித்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுத்தால் அழுகையில்தான் முடியும். இதோடு, பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுவதையும் விடாதீர்கள். இல்லாவிட்டால் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் சேர வேண்டிய அறிவு, வாசிப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

லேகியத்தால் ஐ.க்யூ. ஏறாது. மாமியாரின் அக்கறையை மதித்து, அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் கடலையும் வாங்கிக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். மூளையைக் கூர்மையாக்கும் செயலிகள் அந்த விளையாட்டில் மட்டுமே திறமையைக் கூட்டும். மகளின் 118-க்கும் பொருள் கிடையாது. இணையச் சோதனைகள் வயதுக்கேற்ற அளவுகோலும் மேற்பார்வையும் இல்லாதவை.

பள்ளியிடம் எப்படிப் பேசுவது

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. நீக்குவதற்கான தடை அப்படியே இருக்கிறது. இதனால்தான் பெற்றோரே டி.சி. கேட்பதுபோல் கடிதம் வாங்கப் பார்ப்பார்கள். நீங்கள் கையெழுத்திட்டால் அது நீக்கம் ஆகாது, உங்கள் விருப்பம் ஆகிவிடும். ஒரு விதிவிலக்கு: சிறுபான்மை நிறுவனத் தகுதி பெற்ற பள்ளி என்றால் 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தச் சட்டத்தைக் காட்டுவதில் சிக்கல் வரும். உங்கள் பள்ளி எந்த வகை என்று பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் பாகுபாடின்றிச் சேர்த்துக் கற்பிப்பதைச் சொல்கிறது. கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆனாலும் சட்டத்தை முதல் நாளே மேசைமேல் போடாதீர்கள். அவன் அங்கேதான் தினமும் போய் உட்கார வேண்டும். தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முழு மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், மூன்று மாத அவகாசம் வேண்டும் என்று சொல்லுங்கள். அதுவரை முன் வரிசையில் இடம், கேள்வித்தாளை ஆசிரியர் ஒருமுறை வாசித்துக் காட்டுவது, சில பாடங்களில் வாய்மொழியாகப் பதில் கேட்பது, மற்ற பிள்ளைகள் முன்னால் உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பது ஆகிய நான்கையும் கேளுங்கள். ஒன்றுக்கும் செலவில்லை. மறுத்து, டி.சி.க்கு நெருக்கினால், மாவட்டக் கல்வி அலுவலருக்கும், பிறகு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். அப்போது முத்திரை வைத்த அந்த நகல் கைகொடுக்கும்.

சிறப்புப் பள்ளி, தமிழ் வழி, பத்தாம் வகுப்பு

கடைக்குப் போய்க் கணக்காக வாங்கி வரும் குழந்தைக்கு, கையில் இருக்கும் தகவலை வைத்துப் பார்த்தால், சிறப்புப் பள்ளி தேவையில்லை. வாரம் மூன்று முறை ஒரு சிறப்புக் கல்வியாளரிடம் வாசிப்புப் பயிற்சி கிடைத்தால் அதன் பலன் பெரிது.

தமிழ் வழிக்கு மாறுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். வாசிப்பே சுமையாக இருக்கும் பிள்ளை, பேசத் தெரியாத மொழியில் வாசிக்கக் கற்பது இரட்டைச் சுமை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களும் வருவார்கள். பழகிய நண்பர்களை விட்டு வருவது இழப்புதான். தோற்று வெளியேறியதாக அவன் உணரவும் கூடும். அதனால் மதிப்பீடு முடிந்த பிறகு, ஆண்டு இறுதியில், அருகிலுள்ள பள்ளி ஆசிரியரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். அது உங்கள் முடிவாக இருக்கட்டும். பள்ளி தள்ளிவிட்டதாக இருக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்புத் தேறுவானா என்பதற்கு எட்டரை வயது எண் பதில் சொல்லாது. இப்போது வாசிக்கக் கற்றுக்கொள்கிறானா என்பது அதைவிட நன்றாகச் சொல்லும். கற்றல் குறைபாட்டுச் சான்று கிடைத்தால், பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. சான்று கிடைக்காமல் மெதுவாகக் கற்பவன் என்று தெரிந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எழுதாமல் பிரித்து எழுதும் வழியும் இருக்கிறது. அதற்கு இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது.

வீட்டுக்குள் அந்தப் பெயர்

இதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். மகளைத் திட்டி நிறுத்தினால் அவள் தனியாக இருக்கும்போது சொல்வாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் மேலே போட்ட 84, 102 கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு கேள்வியில் எண் எப்படி மாறுகிறது என்று அவளே வகுத்துப் பார்க்கட்டும். பிறகு ஒரு வேலை கொடுங்கள்: தினமும் இரவு தம்பிக்கு ஒரு கதை வாசித்துக் காட்ட வேண்டும், முடிவு என்ன ஆகும் என்று அவனிடம் கேட்க வேண்டும். அவன் சொல்லும் முடிவுகளைக் கேட்கக் கேட்க, தம்பியைப் பற்றிய அவள் கணிப்பு மாறும்.

அவனிடமும் பேச வேண்டும். சோதனைக்குப் போனதும் பள்ளி சொன்னதும் வீட்டில் நடந்த பேச்சும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் பேசாவிட்டால், தான் மக்கு என்று அவனாகவே முடிவு செய்துகொள்வான். நீளமாக ஒன்றும் வேண்டாம். படுக்கும் நேரத்தில் இப்படிச் சொல்லுங்கள்: "உனக்கு நான் சொன்னா எல்லாம் புரியுது கண்ணு. எழுத்தைப் படிக்கிறதுதான் உனக்குக் கஷ்டமா இருக்கு. நெறயப் பிள்ளைங்களுக்கு அப்படி இருக்கு. அது ஏன்னு பாக்கத்தான் டாக்டர்கிட்டப் போறோம். நாளைக்கு ரவையில எழுதி விளையாடலாமா?"